கம்பெனி செட்டை மாற்றாமல் சப்வூஃபரும் ஆம்பும் சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இப்போது வரும் கார்களில் கம்பெனியே பொருத்தித் தரும் மியூசிக் செட் என்பது தனிப் பொருள் இல்லை. ரிவர்ஸ் கேமரா, ஸ்டீயரிங் பட்டன், போன் அழைப்பு எல்லாம் அதோடு பின்னிக் கிடக்கின்றன. அதைக் கழற்றாமலேயே நல்ல பேஸ், அதாவது ஆழமான தாழ்ந்த ஒலி, கொண்டுவர முடியும். என் ஹேட்ச்பேக்கில் முதலில் தப்பும் தவறுமாகச் செய்து, பிறகு எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பச் செய்தேன். அதற்கப்புறம் நண்பர்கள், சொந்தக்காரர்கள் வண்டிகளிலும் ஒயர் இழுத்துக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் கேட்ட கேள்விகள்தான் கீழே இருப்பவை. சென்னை ஜி.பி. ரோட்டிலோ உங்கள் ஊர் ஃபிட்டிங் கடையிலோ வண்டியை விடுவதாக இருந்தாலும் ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.

கம்பெனி செட்டில் பேஸ் ஏன் வருவதில்லை? ஈக்வலைசரில் ஏற்றினால் போதாதா?

போதாது. கதவில் இருப்பது ஆறு, ஆறரை அங்குல ஸ்பீக்கர். ஒலியின் அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே சத்தத்துக்கு ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். கதவு ஸ்பீக்கருக்கு அந்தத் தெம்பு கிடையாது. செட்டின் மேல் ‘50 வாட் x 4’ என்று போட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் ஐ.சி. ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து தருவது 15 முதல் 20 வாட்தான். ஈக்வலைசரில் பேஸை ஏற்றினால் அந்தக் கொஞ்ச வாட்டும் அதிலேயே தீர்ந்து, பாடகர் குரல் கரகரக்க ஆரம்பிக்கும்.

ஒரு நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டுப் பாருங்கள். தவிலின் தொப்பிப் பக்கத்தில் குச்சி விழும் ‘டக்’ மட்டும் கேட்கும், தோல் உள்வாங்கி எழும் அந்த ‘தொம்’ வராது. குச்சிச் சத்தம் மேலே இருக்கிறது, தோலின் சத்தம் கீழே இருக்கிறது. சப்வூஃபர் தருவது அந்தக் கீழ்ப் பாதியை.

என்னென்ன வாங்க வேண்டும்?

சப்வூஃபர், அது உட்காரும் பெட்டி, அதை ஓட்ட ஒரு மோனோ ஆம்ப் (ஒற்றைச் சேனல் ஆம்ப்ளிஃபையர்), பவர் ஒயர், பேட்டரி பக்கம் போட ஃப்யூஸ் ஹோல்டர், எர்த் ஒயர், சிக்னல் எடுக்க ஒயர். ஒயர் கிட்டை மட்டும் ஆம்போடு ‘ஃப்ரீ’யாகக் கொடுத்தால் நம்ப வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

சீட்டுக்கு அடியில் வைக்கும் சப்வூஃபர் போதுமா, டிக்கியில் பெட்டி வேண்டுமா?

குடும்பத்தோடு ஊருக்குப் போகும் வண்டி, டிக்கி நிறைய சாமான் வரும் என்றால் சீட்டுக்கு அடியில் வைப்பதே போதும். பயனியர், ஜேபிஎல், சோனி எல்லாரும் ஆம்ப் உள்ளேயே இருக்கும் தட்டையான வகையைத் தருகிறார்கள். வயிறு அதிரும் பேஸ் அதில் வராது. ஆனால் பாட்டு நிறைந்து வரும், பெரும்பாலானவர்களுக்கு உண்மையில் வேண்டியிருப்பதும் அதுதான். வாங்கும் முன் சீட்டை முழுதும் முன்னே தள்ளி, பின்னே தள்ளி, அடியில் உயரம் எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள். பின் சீட்டுக்கு ஏசி காற்று போகும் குழாய் சில வண்டிகளில் அங்கேதான் ஓடும். மஞ்சள் கப்ளர் (ஒயர்களை இணைக்கும் சொருகி) தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அதைக் கழற்றவே கூடாது.

டிக்கிப் பெட்டி என்றால் எனக்குப் பிடித்தது சீல்டு பெட்டி. முழுக்க மூடிய பெட்டியில் அடி சுத்தமாக, நேரத்துக்கு வந்து நேரத்துக்கு நிற்கும். மிருதங்கம், பேஸ் கிடார் கேட்பவர்களுக்கு இது. துளை வைத்த போர்ட்டட் பெட்டி அதே வாட்டில் சத்தம் கூடுதலாகத் தரும், இடமும் கூடுதலாக எடுக்கும். அந்தத் துளை எந்த அதிர்வெண்ணுக்குக் கணக்கிடப்பட்டதோ அதற்குக் கீழே கூம்பைப் பிடித்து நிறுத்தக் காற்றழுத்தம் இருக்காது. மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் சப்சானிக் ஃபில்டரை ஆம்பில் போடாமல் ஓட்டினால் ஸ்பீக்கர் கிழியும். பெட்டியின் கொள்ளளவை ஸ்பீக்கரோடு வரும் தாளில் போட்டிருப்பார்கள். ரெடிமேட் பெட்டி அதற்குப் பொருந்துகிறதா என்று பார்த்து எடுங்கள்.

ஹேட்ச்பேக் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். டிக்கியும் கேபினும் ஒரே அறை. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர், காரின் உள்நீளமோ அதில் பாதிகூட இல்லை. மூடிய சின்ன இடத்தில் அந்த ஒலி காற்றை அப்படியே அமுக்கி இழுப்பதால், வீட்டு ஹாலில் கிடைக்காத ஆழம் காரில் கிடைக்கும். சீடானில் பின் சீட்டு குறுக்கே நிற்கும். அதனால் கொஞ்சம் கூடுதல் வாட் வேண்டியிருக்கும்.

எந்தப் பெட்டியானாலும் கட்டி வையுங்கள். 15 கிலோ பெட்டி திடீர் பிரேக்கில் பின் சீட்டுக்காரர் முதுகுக்குத்தான் வரும். எல் ஆங்கிளோ பட்டையோ, ஏதாவது ஒன்று போட்டே ஆக வேண்டும்.

எத்தனை வாட் வேண்டும்? ‘1,200 வாட்’ என்று எழுதியதை 3,000 ரூபாய்க்குக் கொடுக்கிறார்களே?

ஆர்எம்எஸ் வாட், அதாவது தொடர்ந்து தரும் வாட், எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். ‘மேக்ஸ்’, ‘பீக்’ என்று எழுதியதெல்லாம் விளம்பரத்துக்கு. ‘சிடிஏ-2006’ என்ற அளவீட்டுத் தரத்தைக் குறிப்பிட்டிருந்தால் அந்த எண்ணை நம்பலாம். 14.4 வோல்ட், 4 ஓம் மின்தடை, 1 சதவீதத்துக்கு மேல் போகாத டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) என்ற நிபந்தனையில் அளந்தது அது. நம்மைப் போன்றவர்களின் ஹேட்ச்பேக்குக்கு 10 அங்குல சப்வூஃபர் ஒன்று, 200 முதல் 300 வாட் ஆர்எம்எஸ் ஆம்ப் ஒன்று, தாராளம். ஒரு பொய் பிடிக்கச் சுலபமான வழி: ஆம்பின் மேலேயே சொருகியிருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் ஃப்யூஸ், 14 வோல்ட் என்றால் உள்ளே போவதே 420 வாட்தான். வெளியே 1,200 எப்படி வரும்?

‘டூயல் வாய்ஸ் காயில்’ என்றால் என்ன? எப்படி இணைப்பது?

ஒரே சப்வூஃபரில் இரண்டு சுருள். இரண்டும் 4 ஓம் என்றால், வரிசையாக (சீரீஸ்) இணைத்தால் 8 ஓம், பக்கவாட்டில் (பேரலல்) இணைத்தால் 2 ஓம். இரண்டு 2 ஓம் சுருள் என்றால் 4 அல்லது 1. ஆம்பின் தாளில் ‘2 ஓம் வரை’ என்று இருந்தால் 1 ஓமில் இணைக்காதீர்கள், சூடேறி நின்றுவிடும் அல்லது போய்விடும். ஒரு சுருளை மட்டும் இணைத்து மற்றதை விட்டுவிடுவதும் தப்பு.

கம்பெனி செட்டில் ஆம்புக்குச் சிக்னல் தரும் ஆர்சிஏ அவுட் கிடையாதே, சிக்னல் எங்கிருந்து எடுப்பது?

ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரிலிருந்தே எடுக்கலாம். ‘ஹை லெவல் இன்புட்’ உள்ள ஆம்ப் வாங்கினால் நேராக அதில் சேரும். இல்லாத ஆம்ப் என்றால் நடுவில் ‘லைன் அவுட் கன்வெர்ட்டர்’ என்ற சின்னப் பெட்டி வேண்டும். கம்பெனி செட்டோடு போவதாக முன்பே முடிவு செய்திருந்தால் முதல் வகையையே வாங்குங்கள். ஒரு பொருள் குறையும், தொல்லையும் குறையும்.

பின் கதவு ஸ்பீக்கர் ஒயரில் எடுப்பது வழக்கம், டிக்கிக்குப் பக்கம். இடது, வலது இரண்டிலிருந்தும் எடுக்க வேண்டும், ஏனென்றால் சில ரெக்கார்டிங்கில் தாளம் ஒரு பக்கமாக இருக்கும். பின்னால் எடுத்தால் செட்டில் முன்-பின் சத்தத்தைப் பிரிக்கும் ஃபேடரை முன்னே தள்ளும்போது பேஸும் குறையும். பின் ஸ்பீக்கரே இல்லாத ஆரம்ப விலை வேரியண்ட் என்றால் முன் கதவுக்குப் போகும் ஒயர்தான். அது ட்வீட்டருக்கு (மேல் ஒலிக்கான குட்டி ஸ்பீக்கருக்கு) மட்டும் போகும் ஒயராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரை ஒருபோதும் பாடியில் எர்த் செய்யக்கூடாது. இன்றைய செட்களில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலுமே மின்னழுத்தம் இருக்கும், ஒன்றும் எர்த் கிடையாது. பாடியில் பட்டால் செட்டின் ஐ.சி. போய்விடும். செட்டையே மாற்றும்படி ஆகிவிடும்.

ஆம்ப் தானாக ஆன், ஆஃப் ஆக வழி?

இப்போது சொன்ன அந்த மின்னழுத்தமே உதவும். செட் ஓடும்போது ஸ்பீக்கர் ஒயர் ஒவ்வொன்றும் பேட்டரியில் பாதி, சுமார் 6 வோல்ட்டில் நிற்கும். ஹை லெவல் இன்புட் உள்ள பல ஆம்புகள் அதைப் பார்த்துத் தானே விழித்துக்கொள்ளும். அந்த வசதி இல்லை என்றால் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஃப்யூஸிலிருந்து, ஆம்பை ஆன் செய்யச் சொல்லும் ரிமோட் ஒயர் எடுக்க வேண்டும். சோம்பேறித்தனமாக அதை நேரே பேட்டரி பவரோடு சேர்த்துவிடுபவர்கள் உண்டு. ஆம்ப் சும்மா இருந்தாலே முக்கால் ஆம்பியர் அளவு இழுக்கும். சிறிய பெட்ரோல் கார்களின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி அளவில்தான். இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் மூன்றாம் நாள் தள்ள வேண்டும்.

பவர் ஒயர், ஃப்யூஸ் விஷயத்தில் ஏன் இவ்வளவு கண்டிப்பு?

கார் எரியாமல் இருக்க.

முதல் தடவை நான் ஒரு கடையில் விட்டுச் செய்தேன். ஃப்யூஸை ஆம்புக்குப் பக்கத்தில், டிக்கியில் போட்டிருந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. எட்டு மாதம் கழித்து மழை நாளில் கேபினுக்குள் ஒரு வாடை, இஸ்திரிப் பெட்டி துணியைச் சுட்ட மாதிரி. வண்டியை ஓரம் கட்டி, டேஷ்போர்டுக்கு அடியில் மேட்டைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பு ஒயரின் மேல்தோல் ஓரிடத்தில் கறுத்து, விரல் வைத்தால் பிசினாக ஒட்டியது. இன்ஜின் பக்கத்திலிருந்து கேபினுக்குள் வரும் இடத்தில் தகட்டில் துளை போட்டு, ரப்பர் வளையம் போடாமல் ஒயரை இழுத்திருந்தார்கள். அதிர்ந்து அதிர்ந்து தகட்டு விளிம்பு தோலை அறுத்துவிட்டது. பேட்டரிக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் ஒரு ஃப்யூஸும் இல்லை. முழுதாகத் தொட்டிருந்தால் பேட்டரியின் மொத்தக் கரண்டும் அந்த ஒயர் வழியாகத்தான் போயிருக்கும். பேட்டரி ஒயரைக் கழற்றிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அன்று பின் சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஃப்யூஸ் காப்பது ஆம்பை அல்ல, ஒயரை. ஆகவே அது பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள், பானெட்டுக்கு உள்ளேயே இருக்க வேண்டும். கூடுமானவரை காரில் ஏற்கெனவே இருக்கும் ரப்பர் கிராமெட் வழியாகவே ஒயரை உள்ளே கொண்டுவர வேண்டும்.

ஒயரின் கனத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 300 வாட் ஆம்ப், கரண்ட்டைக் குறைவாக வீணாக்கும் கிளாஸ் டி வகை, 80 சதவீதத் திறன் என்றால் அது இழுப்பது சுமார் 375 வாட். 13.8 ஆல் வகுத்தால் 27 ஆம்பியர். பானெட்டிலிருந்து டிக்கிக்கு 5 மீட்டர் ஒயர். 8 கேஜ் (எண் குறையக் குறைய ஒயர் கனம் கூடும்) சுத்தத் தாமிரம் என்றால் வழியில் இழப்பது 0.3 வோல்ட்டுக்குள். போதும். பேட்டரி பக்கம் 40 ஆம்பியர் ஃப்யூஸ். 500 வாட்டுக்கு மேல் போனால் 4 கேஜ்.

‘ஃப்ரீ’ கிட்டில் வருவது பெரும்பாலும் தாமிரம் பூசிய அலுமினியம். அதே கனத்தில் தாமிரத்தின் மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் கடத்தும், நாள்பட்டால் முனையில் தளர்ந்து சூடேறும். பிளேடால் ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். வெளியே வெள்ளி நிறமாக இருந்து சுரண்டினால் உள்ளே சிவந்து தெரிந்தால் அது வெள்ளீயம் பூசிய தாமிரம், நல்லது. என் மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு ஒயருக்கும் ஃப்யூஸுக்கும் போனது. அதில் ஒரு ரூபாய்க்குக்கூட நான் வருத்தப்படவில்லை.

ஆக்சிலேட்டர் மிதித்தால் ஸ்பீக்கரில் ‘ஊஊங்’ என்று கூடவே ஏறுகிறதே?

ஆல்டர்னேட்டர் (இன்ஜினோடு சுற்றிப் பேட்டரியை நிரப்புவது) தரும் இரைச்சல். பத்தில் எட்டு தடவை எர்த்தில்தான் கோளாறு இருக்கும். என் சித்தப்பா வண்டியில் இதைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது. கடைசியில், சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் மாட்டியிருந்தார்கள், போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் அப்படியே இருந்தது. சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே கூடாது என்பது வேறு விஷயம். அதை விட்டு வேறிடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் பளபளக்கும் வரை தேய்த்து, ரிங் டெர்மினல் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். இரைச்சல் அடங்கியது.

எர்த் ஒயர் அரை மீட்டருக்குள், பவர் ஒயரின் அதே கனத்தில் இருக்க வேண்டும். தரையில் புதிதாகத் துளை போடுவதாக இருந்தால் முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள், பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் அங்கேதான் போகின்றன. பவர் ஒயர் வண்டியின் ஒரு பக்கம், சிக்னல் ஒயர் மறுபக்கம் என்று இழுங்கள். ஆம்பின் எர்த்தைப் பேட்டரியின் மைனஸ் முனையில் நேரடியாகப் போட வேண்டாம். டிராஃபிக் சிக்னலில் நின்றால் இன்ஜின் தானே அணைந்து எழும் வண்டிகளில் அங்கே கரண்ட்டை அளக்கும் சென்சார் இருக்கும், அதன் கணக்கு பிசகும்.

கெயின் எவ்வளவு வைப்பது?

கெயின் என்பது வால்யூம் இல்லை. செட் தரும் சிக்னலின் உயரத்துக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு அது. அதை முழுக்கத் திருப்பி வைத்ததால்தான் பாதி சப்வூஃபர்கள் கருகுகின்றன.

ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும். செட்டில் பேஸ், ட்ரெபிள் எல்லாம் பூஜ்யம். ஆம்பில் பேஸ் பூஸ்ட் பூஜ்யம். சப்வூஃபர் ஒயரைக் கழற்றிவிடுங்கள். 50 ஹெர்ட்ஸ், 0 டெசிபெல் டோனை (ஒரே சீரான ஒலியை) ஓடவிட்டு செட் வால்யூமை நான்கில் மூன்று பங்கு ஏற்றுங்கள். ஆம்பின் ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட் அளந்தபடி கெயினை மெல்லத் திருப்புங்கள். எங்கே நிறுத்துவது? வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 300 வாட், 4 ஓம் என்றால் 34.6 வோல்ட். 2 ஓம் என்றால் 24.5. அங்கே நிறுத்திவிட்டுத் திருகை மறந்துவிடுங்கள்.

தாழ்ந்த ஒலியை மட்டும் சப்வூஃபருக்கு விடும் லோ பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். 120, 150 என்று ஏற்றினால் ஆண் குரலின் அடிப்பகுதியும் சப்வூஃபரில் போய், பாடுபவர் டிக்கியில் உட்கார்ந்து பாடுவது போலிருக்கும். பேஸ் முன்னாலிருந்து, பாட்டோடு சேர்ந்து வருவதாகக் காதுக்குத் தோன்ற வேண்டும். கூம்பு அசையும் திசையைத் திருப்பும் ஃபேஸ் ஸ்விட்சை 0, 180 இரண்டிலும் மாற்றிப் பாருங்கள். ஓட்டுநர் சீட்டில் எதில் பேஸ் நிறைவாக இருக்கிறதோ அதுவே சரி.

வால்யூம் ஏற்ற ஏற்ற பேஸ் குறைகிறது. ஆம்ப் கெட்டுவிட்டதா?

ஆம்பில் ஒன்றும் இல்லை. கதவு ஸ்பீக்கர் கிழியாமலிருக்கப் பல கம்பெனி செட்கள் சத்தம் கூடும்போது பேஸைத் தாங்களே வெட்டும். அந்த வெட்டுதான் உங்கள் ஆம்புக்கும் போகிறது. இழந்ததை மீட்டுத் தரும் சிக்னல் பிராசஸர்கள் உண்டு, ஆடியோகன்ட்ரோல் என்ற கம்பெனி அதற்குப் பேர் போனது. விலை கூடுதல். அதற்கு முன் ஆம்பின் பேஸ் கன்ட்ரோல் குமிழை டேஷ்போர்டுக்குப் பக்கம் கொண்டுவந்து பாருங்கள். பலருக்கு அதிலேயே தீர்ந்துவிடுகிறது.

என் வண்டியில் போஸ் கம்பெனியின் ஆடியோ சிஸ்டம். அதிலும் இதே முறையா?

இல்லை. அதில் செட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் தனி ஆம்ப் ஒளிந்திருக்கும், ஸ்பீக்கர்களின் ஓமும் குறைவாக இருக்கலாம். அந்த ஆம்புக்குப் பின்னாலிருந்து, பேஸ் முழுதாக வரும் ஒயரைக் கண்டுபிடித்து எடுக்க வேண்டும். மைக் வைத்து இன்ஜின் இரைச்சலை ஸ்பீக்கர் வழியே அமுக்கும் வண்டிகளும் உண்டு, ஹோண்டாவில் சில மாடல்கள் அப்படி. அதில் புது சப்வூஃபர் சேர்ந்தால் பாட்டே இல்லாமல் ‘உம்’ என்று முழங்கும். இந்த வண்டிகளை அனுபவம் உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள்.

மின்சாரக் காரில் செய்யலாமா?

செய்யலாம். அதிலும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது, பெரிய பேட்டரியிலிருந்து கன்வெர்ட்டர் அதை நிரப்புகிறது. வேலை முழுதும் அந்த 12 வோல்ட் பக்கம் மட்டும்தான். ஆரஞ்சு நிற ஒயர் எங்கே தெரிந்தாலும் கை வைக்கக் கூடாது. இன்ஜின் சத்தம் இல்லாததால் சின்ன சப்வூஃபரே பெரிதாகக் கேட்கும்.

வாரண்டி போய்விடுமா?

ஒயரை வெட்டினால் மின்சாரம் சம்பந்தப்பட்ட கோளாறுக்கு வாரண்டி மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைக்கும். உங்கள் மாடலுக்கான கப்ளர்-டு-கப்ளர் ஒயரிங் கேட்டு வாங்குங்கள். கம்பெனி சாக்கெட்டுக்கும் செட்டுக்கும் நடுவில் சொருகும், வேண்டாமென்றால் கழற்றிவிடலாம்.

பாட்டு ஓடும்போது ஹெட்லைட் மங்கி மங்கி எரிகிறது. கபாசிட்டர் போடட்டுமா?

முதலில் எர்த்தையும் பேட்டரி முனைகளையும் பாருங்கள், பிறகு பேட்டரியின் வயதை. 300 வாட்டுக்குள் கபாசிட்டர் தேவைப்பட்டதை நான் பார்த்ததில்லை.

மழைத் தண்ணீர்?

2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் சென்னையில் தண்ணீர் ஏறிய கார்களில் சீட்டுக்கு அடியில் இருந்த ஆம்புகள்தான் முதலில் நனைந்தன. தண்ணீர் தேங்கும் தெருவில் குடியிருந்தால் டிக்கியில், பெட்டியின் முதுகிலோ பின் சீட்டின் முதுகிலோ ஆம்பை உயரமாக மாட்டுங்கள். காற்று படும்படி இருக்கட்டும். மே மாத வெயிலில் நிறுத்திய காரில், கார்ப்பெட்டில் சுற்றிய ஆம்ப் அரை மணியில் சூடாகி அணைந்துவிடும்.

எல்லாம் சரி, ஆனால் பின்னாலிருந்து கடகட என்று ஒரு சத்தம்…

சப்வூஃபரைக் குறை சொல்லாதீர்கள். நம்பர் பிளேட்தான் முதல் சந்தேகம், பின்னால் இரண்டு ஃபோம் துண்டு ஒட்டினால் அடங்கும். அடுத்தது டிக்கிக்கு மேல் இருக்கும் பார்சல் ட்ரே, அதன் இரண்டு பக்கக் கொக்கிக்கும் துணி டேப் சுற்றுங்கள். பிறகு ஸ்டெப்னி பள்ளத்தில் கிடக்கும் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும், ஒரு பழைய துண்டில் சுற்றி வையுங்கள். அப்புறமும் இருந்தால் 40 ஹெர்ட்ஸிலிருந்து 80 வரை மெல்ல ஏறும் டோனைப் போட்டுவிட்டு, இன்னொருவரை டிக்கிப் பக்கம் நிறுத்தி ஒவ்வொரு தகடாக உள்ளங்கையால் அழுத்தச் சொல்லுங்கள். எங்கே அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அங்கே மட்டும் அதிர்வை அடக்கும் ப்யூட்டில் டேம்பிங் ஷீட் ஒட்டினால் போதும். என் வண்டியில் அது டிக்கிக் கதவின் உள் பிளாஸ்டிக்கில், பூட்டுக்கு இடது பக்கம், கை அகலத்துக்கு இருந்தது.